பதினேழாம் வீடு பதில் சொல்லவில்லை

முதலில் ஒரு மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டாலும் என் மனைவி கமெண்ட்டில் வந்து சொல்லத்தான் போகிறாள். ஓசூரில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தின் சனிக்கிழமை பஜனைக் குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். குரலுக்காக நீக்கியிருந்தால் ஆற்றிக்கொண்டிருப்பேன். கைதட்டலுக்காக நீக்கினார்கள். எல்லார் கையும் சேரும்போது என் கை பிரிந்திருக்கிறது, எல்லாரும் பிரித்த பிறகு என் கை ‘டப்’பென்று தனியாகச் சேர்கிறது. ஐம்பத்திரண்டு வயதில் இதற்கு டியூஷனா போக முடியும்? செயலாளர் அம்மாள் மிகவும் நாசூக்கானவர். “சார், இனிமே நீங்க சுண்டல் விநியோகத்தைப் பார்த்துக்கோங்களேன்” என்றார். இரண்டு கையிலும் பாத்திரம் இருந்தால் நான் ஒன்றும் செய்ய முடியாது என்ற கணக்கு.

இந்தத் துக்கத்தில் இருந்தபோதுதான் சிவா போன் செய்தான். சிவா என் மனைவியின் தம்பி. போச்சம்பள்ளி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் வேலை. அவன் மனைவி பிரசவத்துக்காக மத்தூரில் தாய் வீட்டில் இருக்கிறாள்.

“மாமா, எங்க லைன்ல மார்கழி பூரா பஜனை. பொங்கலுக்கு முன்னாடி வந்துருங்க. இங்க நீங்க பாட வேணாம், தட்ட வேணாம், எழுந்திரிக்கக்கூட வேணாம். போர்வைக்குள்ள படுத்துக்கினே பதில் சொன்னா போதும்.”

போர்வைக்குள் படுத்தபடி புண்ணியம்! மூன்று நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, போகிக்கு இரண்டு நாள் முன்பாகக் கிளம்பினேன்.

ஓசூர் பேருந்து நிலையத்தில் பகல் 1.40-க்குக் கிருஷ்ணகிரி வண்டி. 52 கிலோமீட்டர், டிக்கெட் 45 ரூபாய், சூளகிரி தாண்டியதும் ஒரு குட்டித் தூக்கம் இலவசம். 3.05-க்குக் கிருஷ்ணகிரி. அங்கிருந்து போச்சம்பள்ளிக்கு டவுன் பஸ், 22 ரூபாய். ஏறக்குறைய முப்பது கிலோமீட்டரை ஒரு மணி பத்து நிமிடத்தில் கடந்தது. மனைவி வந்திருந்தால் அவளுக்கு டிக்கெட் கிடையாது. அதை அவள் ஓசூர் திரும்பும்வரை சொல்லிக்கொண்டே வந்திருப்பாள். தனியாகப் போனதில் 22 ரூபாய் போனாலும் ஆதாயம்தான்.

தை பிறக்கப்போகிற நேரத்தில் இந்தச் சாலையில் போனால் ஜன்னலை மூடாதீர்கள். இரண்டு பக்கமும் மாந்தோப்பு, எல்லா மரமும் பூ. அந்த வாசனையை என்னவென்று சொல்வது? தேனும் இல்லை, புளிப்பும் இல்லை, வெயிலில் காயவைத்த பட்டுப்புடவை மாதிரி ஒன்று. பஸ்ஸுக்குள் கண்டக்டர் ஒருவரிடம் தெலுங்கில் சில்லறை கேட்டார், அடுத்தவரைக் கன்னடத்தில் திட்டினார், என்னிடம் தமிழில் “உள்ள போங்க சார்” என்றார். மூன்று மொழியும் பூ வாசனையோடு கலந்து, நான் எந்த மாநிலத்தில் இருக்கிறேன் என்பதே கொஞ்ச நேரம் மறந்துபோனது.

போச்சம்பள்ளியில் இறங்கி ஆட்டோ. நாலு கிலோமீட்டர், நூறு ரூபாய். “இருபத்திரண்டு வீட்டு லைன்” என்று சொன்னதும் டிரைவர் முழுசாகத் திரும்பிவிட்டார்.

“பாட்டு லைனா? பதினேழாம் நம்பர் இன்னும் வாய் தொறக்கலியாமே சார்?”

“தெரியாதுங்க, நான் இப்பத்தான் முதல் தடவை வரேன்.”

“எங்க அத்தை இருபதாம் நம்பர்ல இருக்குது. பன்னண்டு நாளா சாமி எங்க வூட்டுப் பக்கமே வரலைன்னு டெய்லி போன்ல அழுவுது. நீங்களாவது போய்ப் பேசுங்க சார், படிச்சவரு மாதிரி இருக்கறீங்க.”

படித்தவர் ‘மாதிரி’. சரி.

லைன் என்றால் லைன்தான். ஒரே வரிசையில் ஒட்டி ஒட்டி இருபத்திரண்டு ஓட்டு வீடுகள், எதிரே காலி நிலம். ஒன்றாம் வீட்டருகே தார்ச்சாலை, கம்பெனி பஸ் நிற்கும் இடம். இருபத்திரண்டாம் வீட்டைத் தாண்டினால் ஏ.டி.எம். அறை அளவுக்கு ஒரு பெருமாள் கோயில். சாத்தூர், சிவகாசி, திருச்சிப் பக்கமிருந்து வேலைக்கு வந்தவர்கள் பாதி, உள்ளூர்த் தெலுங்குக்காரர்களும் கன்னடக்காரர்களும் மீதி. சிவா வீடு பத்தொன்பது.

அன்று சாயங்காலம் பால் இல்லாத டீயை ஆற்றிக்கொண்டே சிவா வழக்கத்தை விளக்கினான். மார்கழி முழுக்கக் காலை 4.45-க்கு ஒன்றாம் வீட்டிலிருந்து ஐந்தாறு பேர் ஜால்ராவோடு கிளம்புவார்கள். ஒவ்வொரு வாசலிலும் நின்று, “யாரு வீட்டு வாசலிது?” என்று பாடுவார்கள். உள்ளேயிருந்து, “சாமி வீட்டு வாசலிது” என்று பதில் வர வேண்டும். வெளியே வரத் தேவையில்லை. முதல் ஷிப்ட் ஆட்கள் குளித்துக்கொண்டிருப்பார்கள், பெண்கள் டிபன் கட்டிக்கொண்டிருப்பார்கள். இருக்கிற இடத்திலிருந்து குரல் கொடுத்தால் போதும். குரல் வந்தால்தான் பாட்டு அடுத்த வாசலுக்கு நகரும். வராவிட்டால் வருகிறவரை நிற்க வேண்டும். அப்படியே இருபத்திரண்டு வாசலும் தாண்டிக் கோயிலுக்குப் போய்ப் பொங்கல் வாங்கிக்கொண்டு 5.50-க்குக் கம்பெனி பஸ்.

கேள்வி கேட்பவர் தங்கராசு. ஐந்தாம் வீடு, மெஷின் ஷாப்பில் சீனியர், சாத்தூர்க்காரர். பதிலை எடுத்துக் கொடுப்பவர் மாரியப்பன். பதினேழாம் வீடு, அதே சாத்தூர், அதே கம்பெனி. தங்கராசு கேட்டதும், மாரியப்பன் பதிலை ஒருமுறை நிதானமாக இழுத்துப் பாடிக் காட்டுவார். அதைப் பிடித்துக்கொண்டு வீடு பதில் சொல்லும். பதினெட்டு வருஷமாக இப்படி.

பன்னிரண்டு நாள் முன்பு, லைன் பையன்கள் சக்கரம் வைத்த ஸ்பீக்கர் ஒன்று வாங்கிவந்தார்கள். முதல் நாள் விடியற்காலை, மைக் தங்கராசு கையில். மாரியப்பன் வழக்கம்போல இழுத்தார். தங்கராசு அவர் காதோரமாக, கூட்டாளியிடம் சொல்கிற கேலியாக, “நீ இழுக்கிற இழுப்புக்குப் பஸ்ஸே போயிரும்லே” என்றார்.

மைக் ஆனில் இருந்தது.

இதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. பாதித் தூக்கத்தில் இருந்த லைன், வெளியே என்ன வந்தாலும் திருப்பிச் சொல்லிப் பழகிய லைன், தாளம் தப்பாமல் பக்தியோடு பதில் பாடியது: “பஸ்ஸே போயிரும்லே!”

“நானும் பாடிட்டேன் மாமா” என்றான் சிவா, தலையைக் குனிந்துகொண்டு. “ஷேவிங் பண்ணிக்கினு இருந்தேன். ரெண்டு வாட்டி பாடினேன்.”

மாரியப்பன் ஜால்ராவைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குள் போனவர்தான். மறுநாளிலிருந்து பதினேழாம் வீடு பதில் சொல்வதில்லை. பாட்டு அங்கேயே நிற்கிறது. பஸ் ஹாரன் அடித்ததும் எல்லோரும் ஓடுகிறார்கள். பதினெட்டிலிருந்து இருபத்திரண்டு வரை ஐந்து வீட்டுக்கும் பாட்டு இல்லை, கோயிலுக்கும் இல்லை. ஆறிப்போகிற பொங்கலைத் தூக்கிக்கொண்டு பூசாரியே பாதி வழிக்கு வந்து கொடுத்துவிட்டுப் போகிறார்.

“தாண்டிப் போனா என்ன குடி முழுகிப் போகுது?” என்றேன்.

சிவா என்னை, பஜனைச் செயலாளர் அம்மாள் பார்த்த அதே பார்வை பார்த்தான். “அதெப்படி மாமா தாண்டறது?”

மறுநாள் காலை 4.30-க்கே விழித்துவிட்டேன். போர்வைக்குள்ளேயே தொண்டையைச் செருமி, பதிலை நாலு தடவை ஒத்திகை பார்த்தேன். என் வாழ்க்கையில் கை தேவைப்படாத முதல் பஜனை. ஒருவேளை மாரியப்பன் மனம் மாறினால்? தயாராக இருக்க வேண்டாமா?

முதலில் ஜால்ரா மட்டும் கேட்டது, தண்ணீருக்கு அடியில் யாரோ சாவிக்கொத்தை ஆட்டுவதுபோல. பிறகு தங்கராசுவின் குரல். கரகரப்பான, அவசரமில்லாத குரல். ‘யாரு வீட்டு வாசலிது?’ ஒரு பெண் குரல், பாத்திரச் சத்தத்தின் ஊடாக: ‘சாமி வீட்டு வாசலிது.’ மறுபடி கேள்வி, கொஞ்சம் கிட்டத்தில். இந்தமுறை வாயில் பற்பசை நுரையோடு ஒரு பதில். அடுத்ததில் பெண்பிள்ளை ஒன்று, தூக்கம் கலையாமல். ஆறாம் வீட்டு ரத்னம்மா ‘சாமி வாகிலி’ என்று தெலுங்கில் சொன்னார். யாரோ ‘ஸ்வாமி பாகிலு’ என்று கன்னடத்தில். ஓட்டுக்கூரைகளின் இடுக்கு வழியாக எல்லாம் ஒன்றாகக் கசிந்து வந்தது. இருட்டில் படுத்திருந்த எனக்கு மனிதர்கள் தெரியவில்லை. வீடுகள் பேசிக்கொள்வதுதான் கேட்டது. ஒரு நீளமான மிருகம் தூக்கத்தில் தன் முதுகெலும்பை ஒவ்வொரு கண்ணியாக எண்ணிப் பார்ப்பதுபோல, பதினாலு, பதினைந்து, பதினாறு...

‘யாரு வீட்டு வாசலிது?’

ஒன்றுமில்லை.

மறுபடி கேட்டார். மறுபடி. ஐந்து நிமிடம் பொறுத்து, போர்வையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தேன். பனி முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது. பதினேழாம் வாசலில் ஆறு பேர் நின்றிருந்தார்கள். காலடியில் பிரமாதமான கோலம், நடுவில் பரங்கிப்பூ. கதவு திறந்தது. மாரியப்பனின் மனைவி சாந்தி வெளியே வந்து, ஒரு சொம்பு தண்ணீரைச் செடிக்கு ஊற்றி, ஆறு பேரையும் ஒரு சுற்றுப் பார்த்து, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். 5.48-க்கு ஹாரன். எல்லோரும் ஓடினார்கள். நான் ஒத்திகை பார்த்த பதிலை விழுங்கிக்கொண்டு திரும்பினேன்.

பகலில் எனக்கு வேலை இல்லை. வேலை இல்லாத என்னை அடுத்தவர் விவகாரத்திலிருந்து தள்ளிவைக்க எந்தச் சாமியாலும் முடியாது. உறைமோர் வேண்டும் என்று ஒரு சாக்கு வைத்துக்கொண்டு பதினேழாம் வீட்டுக்குப் போனேன். சாந்தி கோலப்பொடிக்குச் சாயம் கலந்துகொண்டிருந்தார்.

“சிவா மாமாவா? வாங்கண்ணே” என்றவர், கேட்காமலே ஆரம்பித்துவிட்டார். “இவரு ஏன் இழுப்பாருன்னு அவுகளுக்குத் தெரியாதாண்ணே? ரத்னம்மாக்காவுக்குத் தமிழ்ப் பாட்டு சட்டுன்னு பிடிபடாது. நாலாம் வீட்டுப் பெரியவருக்குக் காது மந்தம். எல்லாரும் எட்டிப் பிடிக்கணும்னுதான் இழுத்துக் குடுக்கிறது. அதைப் போய் ஊரைக் கூட்டி மைக்குல சொன்னா?”

“வேணும்னு சொல்லலையாமே...”

“வேணும்னு சொல்லியிருந்தா நானே ரெண்டு கேட்டிருப்பேன். இப்ப யாரைக் கேக்குறது? லைனே பாடுச்சு.” கையிலிருந்த சிவப்புப் பொடியைப் பார்த்துக்கொண்டே குரலைத் தணித்தார். “நானும் பாடிட்டேன்ணே. தோசை திருப்பிக்கிட்டே. பாடி முடிச்ச பெறகுதான் என்னன்னே புரிஞ்சுச்சு. அன்னைக்கு மூஞ்சி குடுக்க முடியல அவருக்கு. அந்த மனுசன் வாயைத் தொறக்காம நான் தொறக்க மாட்டேன்.”

உறைமோரை மறக்காமல் கொடுத்தார். சிவா வீட்டில் பால் கிடையாது என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

சாயங்காலம் 4.10-க்குக் கம்பெனி பஸ் திரும்பியது. ஒன்றாம் வீட்டருகே டீக்கடை. டீ 12 ரூபாய், முறுக்கு 5. தங்கராசு என் எதிரே வந்து உட்கார்ந்தார். சின்ன உருவம். அந்தக் குரல் இந்த உடம்பில் எங்கே இருக்கிறது என்று தேடத் தோன்றும்.

“இந்த நிக்கிற வழக்கம் எப்படி வந்துச்சுங்க?” என்றேன்.

“பாட ஆரம்பிச்ச மூணாவது வருசத்துல சார். பத்தாம் நம்பர்ல தனியா ஒரு ஆளு. ஜொரத்துல நெனைவில்லாம ரெண்டு நாளாக் கெடந்திருக்கான். நாங்க ரெண்டு நாளும் அவன் வாசல்ல பாடிட்டுத்தான் போயிருக்கோம். மூணாவது நாள் மாரிதான், இங்க சத்தமே வரலையேன்னு கதவை ஒடச்சான். பொழைச்சுக்கிட்டான், இப்ப திருச்சியில இருக்கான். அன்னைலருந்து சத்தம் வராம ஒரு வாசலைத் தாண்டுறதில்லைன்னு மாரி போட்ட சட்டம்.” முறுக்கை உடைத்தார், தின்னவில்லை. “அவன் சட்டத்துலயே நான் மாட்டிக்கிட்டேன் பாத்துக்கோங்க.”

“மன்னிப்புக் கேட்டீங்களா?”

“கேக்காம என்ன. வாட்ஸப்புல ஒரு ரோஜாப்பூ அனுப்புனேன்.”

“பதில்?”

“ரெண்டு டிக்கு வந்துச்சு. நீலமாகலை.”

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார், ஆனால் பாதியிலேயே நின்றுபோனது.

“மாசக் கடைசியோட எனக்கு ரிட்டயர்மென்ட் சார். சாத்தூருக்குப் போயிருவேன். நாளைக்குக் காலையில பாடுறதுதான் கடைசி. அவன் கொரல் இல்லாம, கோயிலுக்கும் போகாம, பாதித் தெருவுல முடிச்சிட்டுப் போனேன்னா அது என்ன பாட்டு? நேர்ல போயிப் பேசலாம்தான். பதினெட்டு வருசமா நான் அவன்கிட்டக் கேட்டதெல்லாம் ஒரே கேள்வி. வேற எதையும் கேக்க வாய் வரமாட்டேங்குது.”

போகிக் காலை. கம்பெனிக்குப் பொங்கலுக்குத்தான் லீவு, போகிக்குக் கிடையாது. இந்தமுறை நானும் சிவாவும் கூட்டத்தோடு நடந்தோம். என் கையில் குத்துவிளக்கைக் கொடுத்துவிட்டார்கள். சிவா ஏதோ சொல்லிவைத்திருக்கிறான், வேறென்ன.

எதிர் நிலத்தில் பழைய பாயும் துணியும் எரிந்துகொண்டிருந்தன. புகையும் பனியும் கலந்து, முன்னால் நடப்பவர் முதுகுகூடக் கரைந்து கரைந்து வந்தது. தங்கராசு ஸ்பீக்கரைத் தொடவில்லை, வெறுங்குரலில் பாடினார். உள்ளேயிருந்து கேட்பதற்கும் வெளியேயிருந்து கேட்பதற்கும் அவ்வளவு வித்தியாசம். வெளியே நிற்கும்போது கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் ஒரு பள்ளம் தெரிகிறது. ஒவ்வொரு வாசலிலும் அந்தப் பள்ளத்துக்குள் கொஞ்சம் விழுந்து, பதில் வந்ததும் எழுந்துகொள்ள வேண்டியிருக்கிறது. சின்னப் பள்ளம்தான், இரண்டு விநாடி. ஆனால் பதினாறு தடவை.

5.22-க்குப் பதினேழு. மயில் கோலம். சாத்திய கதவு, ஜன்னலில் விளக்கு.

தங்கராசு கதவுக்கு நேரே வந்து நின்றார். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். பிறகு ஆரம்பித்தார். கேள்வியை அல்ல.

‘சாமி வீட்டு வாசலிது.’

பதிலைப் பாடினார். மாரியப்பனுடைய வரியை, மாரியப்பன் இழுப்பதுபோலவே, காது மந்தமான ஒருவர்கூட எட்டிப் பிடித்துவிடும்படி அவ்வளவு மெதுவாக. கேள்வி இருக்க வேண்டிய இடத்தைக் காலியாக விட்டுவிட்டு நின்றார். சிவா என் முழங்கையைப் பிடித்தான். மறுபடி அதே பதில். மறுபடி காலி இடம். ஜால்ராக்காரர் கையை இறக்கிவிட்டார். பின்னால் கதவுகள் திறக்கும் சத்தம் கேட்டது. பதிலிலிருந்து பாட்டு ஆரம்பிப்பதை அந்த லைன் அதுவரை கேட்டதில்லை போலிருக்கிறது, ஒவ்வொருவராக வெளியே வந்து நின்றார்கள். எத்தனை தடவை பாடினார் என்று தெரியவில்லை. குரல் உடைய ஆரம்பித்தது. 5.35, 5.38. யாரும் மணி பார்க்கவில்லை, நான்தான் பயணக் கட்டுரை எழுதுகிறவன் ஆயிற்றே, பார்த்தேன்.

கடைசி தடவை பாடி முடித்து அவர் தலை கவிழ்ந்ததும், கதவு திறந்தது.

யூனிபார்ம், கழுத்தில் அடையாள அட்டை, தோளில் சாப்பாட்டுப் பை, ஈரத் தலை. மாரியப்பன் வாசற்படியில் நின்று எங்களைப் பார்த்தார். ஏறக்குறைய மொத்த லைனும் புகைக்குள் நின்று அவரைப் பார்த்தது. தங்கராசு நிமிரவில்லை.

மாரியப்பன் பையைத் தோளில் சரிசெய்துகொண்டார். பிறகு பாடினார்:

‘யாரு வீட்டு வாசலிது?’

அதன்பின் வந்ததை எழுத எனக்குத் தெரியவில்லை. இருபத்திரண்டு வீடும் வெளியில் நின்று, தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் ஒரே நேரத்தில் பதில் சொன்னது. உள்ளேயிருந்து சாந்தியின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே போனது. தங்கராசு குனிந்து தன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். மாரியப்பன் இறங்கி வந்து ஜால்ராவை வாங்கிக்கொண்டார்.

பதினெட்டாம் வீட்டார் பதில் சொல்ல உள்ளே ஓடியபோதுதான் எனக்குத் திடீரென்று உறைத்தது. அடுத்தது பத்தொன்பது, சிவா வெளியே நிற்கிறான், வீட்டுக்குள் யாரும் இல்லை! விளக்கைச் சிவாவிடம் கொடுத்துவிட்டு ஓடினேன். உள்ளே புகுந்து கதவைச் சாத்தி, ஏன் என்று தெரியாமல் போர்வையையும் போர்த்திக்கொண்டேன். வெளியே கேட்டார்கள். நான் பதில் சொன்னேன். சுருதி எங்கோ தருமபுரிப் பக்கம் போயிருக்கும். ஆனாலும் அந்த இரண்டு விநாடி, இருட்டுக்குள் என் குரலுக்காக ஒரு தெருவே நின்றது. பிறகு பாட்டு நகர்ந்தது. ஆட்டோக்காரரின் அத்தை இருபதிலிருந்து கிட்டத்தட்டக் கத்தினார். இருபத்தொன்று, இருபத்திரண்டு, கோயில் மணி. ஓசூரில் என் தளத்தில் எட்டு வீடு. எங்கள் வீட்டிலிருந்து ரெண்டு நாள் சத்தமே வராவிட்டால் கூரியர்காரருக்குத்தான் முதலில் தெரியும்.

அன்று பஸ் ஏழு நிமிடம் தாமதமாகக் கிளம்பியது. டிரைவரும் இறங்கிவந்து பொங்கல் வாங்கிக்கொண்டிருந்தார்.

போக விரும்புகிறவர்களுக்கு: மார்கழியில் மட்டும்தான். காலை 4.45-க்குத் தொடங்கும், போச்சம்பள்ளியில் அந்த நேரத்துக்கு ஆட்டோ கிடைக்காது, முந்தின நாளே போய்விடுங்கள். லைனில் தெரிந்தவர் இல்லையென்றால் கிருஷ்ணகிரியில் தங்கி, காலை மூன்றரைக்கு வாடகை வண்டி பேசிக்கொள்ளலாம், 1,200 ரூபாய் கேட்பார்கள், ஆயிரத்துக்கு வருவார்கள். ஸ்வெட்டர் அவசியம். போனில் பிளாஷ் போட்டுப் படம் எடுக்காதீர்கள், குளித்துக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். கோலத்தை மிதிக்காதீர்கள், குறிப்பாகப் பதினேழாம் நம்பர் கோலத்தை. யாராவது உள்ளே உட்கார இடம் கொடுத்தால் தயங்காமல் உட்காருங்கள். முடிந்தால் ஒரு நாள் உள்ளேயிருந்தும் ஒரு நாள் வெளியேயிருந்தும் கேளுங்கள். என் மொத்தச் செலவு, ஆட்டோ, டீ, முறுக்கு எல்லாம் சேர்த்து, ஐந்நூறைத் தொடவில்லை.

இதோடு முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் சாயங்காலம் ஊர் திரும்பப் பஸ் ஸ்டாப்பில் நின்றபோது, ஷிப்ட் முடிந்து வந்த மாரியப்பனைப் பிடித்துவிட்டேன். தங்கராசு அப்படிப் பதிலை மட்டும் பாடிக்கொண்டு நின்றாரே, உள்ளே கேட்டுக்கொண்டிருந்தபோது என்ன தோன்றியது என்று விசாரித்தேன்.

“பதிலையா? அவனா?” என்றார் மாரியப்பன். “எனக்கு ஒண்ணும் கேக்கல சார். இன்னைக்குப் பஞ்சாயத்துத் தண்ணி நாளு, பின்னாடி மோட்டார் ஓடிக்கிட்டு இருந்துச்சு. பஸ்ஸுக்கு நேரமாச்சேன்னு கதவைத் தொறந்தா, ஊரே ஊமையா நிக்குது. யாரும் ஆரம்பிக்கிற மாதிரி தெரியல, சரின்னு நான் ஆரம்பிச்சேன்.”